சூளைச் சில்லும் ரத்தப் பரிசோதனை மைக்ரோஸ்கோப்பும்

என்னிடம் இருக்கும் மைக்ரோஸ்கோப் 26 வருடம் ரத்தமும் சளியும் மட்டுமே பார்த்தது. நான் வேலை செய்த மருத்துவமனை லேபில் புதியது வந்ததும் பழையதை மூலையில் தூக்கி வைத்துவிட்டார்கள். ஓய்வு பெற்ற அன்று அதைக் கேட்டு வாங்கி, மடியில் வைத்தபடியே பஸ்ஸில் கொண்டுவந்தேன். திண்ணையில் இறக்கியதும் தம்பி கேட்டான்: "அக்கா, இதுல சட்டியப் பாக்கலாமா?" பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்ற எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

தம்பி புதுச்சேரியில் ஸ்டோன்வேர், அதாவது அதிக வெப்பத்தில் கெட்டியாகச் சுடும் பாண்ட வேலை, படித்தவன். 1971ல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற அமெரிக்க மண்பாண்டக் கலைஞர்கள் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கியதிலிருந்து, அந்தப் பக்கம் உயர்வெப்பச் சூளை வேலை நன்றாக வேர்பிடித்துவிட்டது. அவனும் சில வருடம் அங்கே மண் பிசைந்துவிட்டு ஊருக்கு வந்து, குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே எங்கள் ரப்பர் விளையின் ஓரத்தில் விறகுச் சூளை கட்டினான். பால் வற்றி வெட்டிய ரப்பர் மரம்தான் விறகு. வெள்ளைக் களிமண் கொல்லம் பக்கத்துக் குண்டறையிலிருந்து செக்போஸ்ட் தாண்டி வரும். அதோடு எங்கள் குளத்து மண்ணில் ஒரு பங்கு சேர்ப்பான். குளத்து மண்ணை மட்டும் வைத்து 1240 டிகிரிக்குச் சுட்டால் பானை குழைந்து பலகையோடு ஒட்டிக்கொள்ளும். வெள்ளை மண் மட்டும் என்றால் நிறம் பிடிக்காது. அலுமினா நிறைய, இரும்பு கொஞ்சம் என்று அமைந்தால்தான் தீ நக்கிய இடம் ஆரஞ்சாகச் சிவக்கும்.

இந்த வேலையில் கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சைப் பூசுவதில்லை. இரண்டு நாள் எரியும் விறகின் சாம்பல் தீயோடு பறந்து பானையின் தோளில் படியும். 1200 டிகிரியைத் தாண்டியதும் சாம்பலில் உள்ள சுண்ணாம்பும் பொட்டாசியமும் மண்ணின் சிலிக்காவோடு சேர்ந்து உருகிக் கண்ணாடியாகும். சாம்பல் எட்டாத மறுபக்கத்தை பொட்டாசியம், சோடியம் ஆவி மட்டும் உரசிக்கொண்டு போகும். அங்கேதான் அந்தச் சிவப்பு வரும். வரவேண்டும்.

தை மாதம் போட்ட முதல் சூளையில் வந்தது. ஜூன் மாதம் போட்ட இரண்டாவதில் வரவில்லை. அதே மண், அதே விறகு, சூடு காட்ட உள்ளே வைக்கும் கோன் என்ற மண்கூம்புகளும் அதே மாதிரி வளைந்திருந்தன. பானைகள் மட்டும் கழுவிவிட்ட சிமென்ட் தரை நிறத்தில் இருந்தன. தம்பிக்குப் பழி போட ஈர விறகு கிடைத்தது. மழைக்காலத்து ரப்பர் விறகு ஆவியைச் சரியாக விடவில்லை என்று முடிவு கட்டி, தீப்பெட்டிக் கம்பெனிக்காரர்கள் மாதிரி விறகுக்குக் கூரை போடத் தொடங்கிவிட்டான்.

பக்கத்துத் தெருவில் ஒரு பாட்டா இருக்கிறார். பொங்கல் பானையும் மீன்சட்டியும் வனைந்தே எழுபது வயது தாண்டியவர். சூளையைத் திறக்கும்போது வந்து எட்டிப் பார்த்தார். "தீ அணஞ்ச பொறவுதான் மக்களே நெறம் ஏறும். நீ அதுக்கு எடம் குடுக்கல்ல" என்றார். தம்பி மரியாதைக்குத் தலையாட்டினான். பாட்டாவின் சூளை வைக்கோலும் சேறும் போட்டு மூடுவது, எண்ணூறு தொள்ளாயிரம் டிகிரியோடு நின்றுவிடும். அந்தக் கணக்கு இதற்குச் சரிவராது என்பது அவன் எண்ணம். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது.

சரி, மைக்ரோஸ்கோப்புக்கு வருகிறேன். ரத்தம் பார்க்கும் கருவியில் வெளிச்சம் கீழேயிருந்து வரும். கண்ணாடித் தகட்டில் பூசிய ரத்தத்தை ஊடுருவி வரும். பானைச் சில்லை அதில் வைத்தால் கும்மிருட்டு. எனக்கு இது தெரியாதா என்ன? தெரிந்தும் பழக்கதோஷத்தில் 40 மடங்கு லென்ஸைத் திருப்பி இறக்கினேன். அந்த லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி கிடையாது. சில்லு மேடுபள்ளமானது. "கிரீச்" என்று ஒரு சத்தம். 26 வருடம் கீறல் விழாமல் வைத்திருந்த லென்ஸ் முதல் நாளே போயிற்று. பானை பார்க்க நினைப்பவர்கள் 4, 10 லென்ஸ்களோடு நின்றுகொள்ளுங்கள். மேலே உள்ளவை 0.17 மில்லிமீட்டர் மூடுகண்ணாடியைக் கணக்கில் வைத்துச் செய்தவை. கரடுமுரடான ஓட்டில் அவற்றால் பெரிதாக ஒன்றும் தெரியாது.

வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து கொடுக்க வேண்டும். கழுத்தை வளைத்து வைக்கும் படிப்பு விளக்கு ஒன்று போதும். விளக்கைத் தாழ்த்திச் சாய்வாக வைத்தால் மேடுபள்ளம் தெரியும். உயர்த்தினால் நிறம் தெரியும். இரண்டும் ஒரே சமயத்தில் நன்றாகத் தெரியாது என்பதால் ஒவ்வொரு சில்லுக்கும் இரண்டு படம் எடுப்பேன். செல்போனைக் கண்லென்ஸில் ஒட்டிப் பிடித்து எடுத்ததுதான்.

நடுவில் தம்பி ஆன்லைனில் ஒரு யுஎஸ்பி மைக்ரோஸ்கோப் வாங்கினான். பெட்டியில் 1000 மடங்கு என்று போட்டிருந்தது. கணினித் திரையைப் பெரிதாக்கினால் எத்தனை மடங்கு வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். இருநூறுக்கு மேல் அதில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை, மங்கல்தான் பெரிதாயிற்று. அதனால் மடங்குக் கணக்கையே விட்டுவிட்டோம். ரத்த அணு எண்ணும் நியூபாயர் சேம்பர் என்னிடம் இருந்தது. அதன் மிகச் சிறிய கட்டம் ஒரு பக்கம் 0.05 மில்லிமீட்டர். எந்தக் கருவியானாலும் முதலில் அந்தக் கட்டத்தை ஒரு படம் எடுத்துவிட்டு, அதே அமைப்பில் சில்லைப் படம் எடுத்தால் அளவு தானாக வந்துவிடும். சேம்பர் இல்லாதவர்கள் எஃகு ஸ்கேலின் மில்லிமீட்டர் கோட்டைப் படம் எடுக்கலாம்.

நிறம்தான் எங்களை அதிகம் ஏமாற்றியது. கேமரா தானாக வெள்ளையைச் சரிசெய்யப் போய், ஆரஞ்சுச் சில்லை ஒரு நாள் ரோஜா நிறமாகவும் மறுநாள் செங்கல் நிறமாகவும் காட்டும். இரண்டு சூளைகளை ஒப்பிட உட்கார்ந்தவர்களுக்கு இது பெரிய வில்லங்கம். ஏ4 தாளை வெள்ளை என்று வைத்துப் பார்த்தோம். அதில் பளிச்சென்று தெரிவதற்காகச் சேர்க்கும் நீலப் பூச்சு கணக்கைக் கெடுத்தது. கடைசியில் கைகொடுத்தது குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப். அதை நாலைந்து மடிப்பாக மடித்து சில்லின் ஓரத்தில் வைத்து, அதற்கு வெள்ளையைப் பூட்டிவிட்டுத்தான் படம். அப்புறம் இரவில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பதையும் நிறுத்தினோம்.

சாம்பல் உருகிய பக்கம் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும், விளக்கின் பிம்பம்தான் தெரியும். பழைய கால்குலேட்டரின் திரையிலிருந்து போலராய்டு படலத்தை உரித்து, ஒரு துண்டை விளக்கின் முன்னும் இன்னொன்றைக் கண்லென்ஸின் மேலும் வைத்து, ஒன்றை மெல்லத் திருப்பினேன். ஒரு கட்டத்தில் பளபளப்பு அணைந்து, கண்ணாடிக்குள்ளே இருக்கும் குமிழிகளும் பச்சையும் எழுந்து வந்தன. தம்பி அன்று சாப்பிடப் போகவில்லை.

சொரசொரப்பான பக்கத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். மேற்பரப்பின் நுண்ணிய பள்ளங்கள் நிரம்பி, வெளிறிய மங்கல் போய் உள்நிறம் தெரியும். தண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடுகிறதே என்று நான் லேபில் லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் நடுவே விடுவதற்கு வைத்திருந்த இம்மர்ஷன் எண்ணெயை விட்டேன். அது ஓட்டுக்குள் இறங்கிக் கறையாகிவிட்டது. அது முழுக் கிண்ணம், விற்க வைத்திருந்தது. அதற்குப் பிறகு கிளிசரின்தான், அதுவும் உடைந்த சில்லில் மட்டும்.

இவ்வளவும் பண்ணி மேலிருந்து பார்த்ததில் என்ன தெரிந்தது? முதல் சூளைச் சில்லில் சிவப்பு ஒரே பூச்சாக இல்லை. வெள்ளைக் குவார்ட்ஸ் மணிகள், அவற்றைச் சுற்றி மெல்லிய கண்ணாடித் தோல், அந்தத் தோலுக்குள் சிவப்பு. சாம்பல் பக்கத்தில் பச்சைத் துளிகள். கண்ணாடியில் கரைந்த இரும்பு காற்றுக் குறைவில் பச்சை காட்டும், காற்று கிடைத்தால் மஞ்சள்பழுப்பு. துளி மெலிந்து மண்ணில் கரையும் விளிம்பில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். இரண்டாம் சூளைச் சில்லில் சாம்பல் நிறமும் அங்கங்கே கறுப்புப் புள்ளிகளும்தான். ஏன் என்பது மேலிருந்து பார்த்ததில் பிடிபடவில்லை. குறுக்காக வெட்டத்தான் வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தோம்.

டைல் வெட்டும் வைரத் தட்டால் தண்ணீர் விட்டு வெட்டி, எப்பாக்சியில் பதித்து, 220, 400, 800, 1200 என்று எமரித் தாளில் வரிசையாகத் தேய்த்தோம். எப்போதும் ஈரமாகத்தான். சிலிக்கா தூசு நுரையீரலுக்கு என்ன செய்யும் என்பதை லேபில் இருந்தவளுக்குச் சொல்லத் தேவையில்லை. வெட்டுமுகத்தைப் பார்த்ததும் ஒரே குதூகலம்: ஓட்டைகளுக்குள் மின்னும் கறுப்புப் படிகங்கள்! மாக்னடைட், காந்த இரும்பு என்று நோட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டேன். ஒரு வாரம் கழித்துத் தேய்க்காத, உடைத்த முகத்தை எதேச்சையாகப் பார்த்தால் அங்கே ஒரு படிகமும் இல்லை. காந்தமும் சீண்டவில்லை. எமரித் தாளிலிருந்து உதிர்ந்த சிலிக்கான் கார்பைடு துகள்கள்தான் ஓட்டைகளில் போய் உட்கார்ந்திருந்தன. அன்றிலிருந்து தேய்த்த முகத்தோடு உடைத்த முகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் எதையும் எழுதுவதில்லை. ஒவ்வொரு தாளுக்கும் நடுவே பல் துலக்கும் பிரஷ்ஷால் கழுவவும் செய்கிறேன்.

ஆனால் அந்த வெட்டுமுகம்தான் வழக்கைத் தீர்த்தது. முதல் சூளையில் சிவப்பு அடுக்கின் தடிமன் நியூபாயர் கட்டத்தில் ஒன்றிலிருந்து இரண்டு, அதாவது 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர். அதற்குக் கீழே வெளிறிய மண். இரண்டாம் சூளையில் சிவப்பு இல்லை, கண்ணாடித் தோல் இருந்தது. கிட்டத்தட்ட அதே தடிமனில். விறகு ஆவியை விடவில்லை என்றால் அந்தத் தோல் எப்படி வந்தது? ரப்பர் விறகு தன் வேலையைச் செய்துவிட்டது. தோலுக்குள் இருந்த இரும்புக்குத்தான் சிவக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை.

கறுப்புப் புள்ளிகளையும் விட்டுவைக்கவில்லை. கறுப்பு என்றால் கரியாகவும் இருக்கலாம், காற்றில்லாமல் நின்றுவிட்ட இரும்பாகவும் இருக்கலாம். நுண்துளையுள்ள சில்லைக் காற்றோட்டத்தில் 700 டிகிரிக்குச் சூடாக்கி ஒரு மணி நேரம் வைத்தால் கரி எரிந்து போய்விடும். கண்ணாடிக்குக் கீழே சிக்கிய கரி போகாது, அதற்கு மூடி போட்டதுபோல் ஆகிவிட்டது. ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகளில் உள்ளே கறுப்பும் வெளியே சிவப்பும் ஒரே சூட்டில் வந்ததும் இந்தக் காற்று விளையாட்டுதான். கவிழ்த்து வைத்த பானையின் உள்ளே காற்றில்லாமல் கரி படியும், வெளியே காற்று பட்டுச் சிவக்கும். தம்பியின் சிறிய மின்சூளையில் இரண்டாம் சூளைச் சில்லு ஒன்றை அப்படிச் சூடாக்கியபோது புள்ளிகளில் பாதி காணாமல் போயின. அதே சில்லை இன்னும் ஏற்றி, 1100 டிகிரியிலிருந்து மெதுவாக ஆறவிட்டோம். மறுநாள் எடுத்துப் பார்த்தால் லேசாகச் சிவந்திருந்தது. விறகே இல்லாத சூளையில்!

அப்போதுதான் ஜூன் மாத இரவு இருவருக்கும் நினைவு வந்தது. கடைசி விறகு போட்டு முடித்ததும் மழை சாய்ந்து அடித்தது. கூரைத் தகரம் ஒழுகியது. சூடான செங்கல்லில் தண்ணீர் பட்டால் வெடிக்கும் என்று பயந்து, அடுப்பு வாயில் குவிந்து கிடந்த தணலோடு அப்படியே சேறு பூசி அடைத்து, புகைபோக்கியை அடைக்கும் டேம்பர் பலகையையும் இறக்கிவிட்டோம். உள்ளே கிடந்த தணல், இருந்த காற்றையெல்லாம் தின்றுகொண்டே ஆறியிருக்கிறது. தை மாதத்தில் அவசரமில்லை. தணல் தானாக அடங்கியது, செங்கல் இடுக்குகளில் காற்றும் புகுந்துகொண்டிருந்தது.

ஜப்பானின் பிஸென் என்ற, கிளேஸ் பூசாத பாண்டங்களை ஆராய்ந்த யோஷிஹிரோ குசானோவும் அவருடன் இருந்தவர்களும் இதை நுணுக்கமாகச் செய்திருக்கிறார்கள். அங்கே பானையில் வைக்கோல் சுற்றிச் சுடுவார்கள், சுற்றிய இடத்தில் சிவப்புக் கோடு விழும். வைக்கோலின் பொட்டாசியம் மண்ணோடு சேர்ந்து உருகுகிறது. ஆறும்போது அந்தக் குழம்பிலிருந்து முதலில் கொரண்டம் என்ற அலுமினாப் படிகமும், அதன் ஓரங்களைப் பற்றிக்கொண்டு ஹெமடைட் என்ற சிவப்பு இரும்பு ஆக்சைடும் வளர்கின்றன. ஆறும் வேகமும் கிடைக்கும் ஆக்சிஜனும் மாறினால் நிறம் மாறும். இதைப் படித்துவிட்டுத் தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "பாட்டாவுக்கு ஜப்பான் தெரியுமா அக்கா?" என்றான்.

எங்கள் சில்லிலும் அந்தப் படிகங்களைப் பார்த்துவிடலாம் என்று கிளம்பியது இன்னொரு கதை. ஹெமடைட் துகள் பளிச்சென்ற சிவப்பாக இருக்க வேண்டுமானால் ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்க வேண்டும். பெருத்தால் ஊதா பக்கம் போய்விடும். சாதாரண ஒளி மைக்ரோஸ்கோப் எவ்வளவு நல்லதானாலும் ஏறக்குறைய 0.2 மைக்ரானுக்குக் கீழே பிரித்துக் காட்டாது. அதாவது நிறத்தைப் பார்க்கலாம், நிறத்தைத் தரும் துகளைப் பார்க்க முடியாது. அதனால் திருவனந்தபுரத்தில் ஒரு ஆய்வகத்தில் காசு கட்டி எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்கு நேரம் வாங்கினோம். சில்லின் மேல் சில நானோமீட்டர் தங்கம் பூசினார்கள். திரையில் எல்லாம் சாம்பலும் வெள்ளையும். தம்பியின் முகத்தைப் பார்த்து, கருவியை ஓட்டிய பையன் என்னிடம் சொன்னான்: "சேச்சி, இதில் களர் கிட்டில்ல." ஒளியே இல்லாத இடத்தில் நிறம் எங்கிருந்து வரும்? தங்கம் பூசிய பிறகு சாதாரண மைக்ரோஸ்கோப்பிலும் அந்தச் சில்லின் நிறத்தைப் பார்க்க முடியாது. நல்லவேளை, முந்தின நாளே படம் எடுத்து, பார்க்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் ஊசியால் ஒரு கீறல் போட்டு வைத்திருந்தேன். அந்தக் கீறல் இல்லாவிட்டால் கட்டணத்தில் பாதி, இடம் தேடுவதிலேயே போயிருக்கும்.

கனமான தனிமங்களை வெளுப்பாகக் காட்டும் முறையில் பார்த்தபோது, சிவப்பு அடுக்கில் ஒரு மைக்ரானுக்கும் குறைவான வெள்ளைப் பொடிகள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தன. இரும்பு என்று காட்டியது. கூடவே அலுமினியமும் சிலிக்கனும் காட்டியது. எலக்ட்ரான் கற்றை சின்னத் துகளைத் தாண்டிச் சுற்றியிருப்பதையும் சேர்த்தே கிளறிவிடும், அதனால் எண்களை அப்படியே நம்பக்கூடாது. தனிமம் தெரிந்தாலும் படிகம் எது என்று அது சொல்லாது. அதற்கு எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன் வேண்டும். எங்கள் பணம் அத்தோடு தீர்ந்தது. உண்மையைச் சொன்னால், சூளை நடத்துவதற்குத் தேவையான பதில் திண்ணையில் இருந்த வெட்டுமுகத்திலேயே கிடைத்துவிட்டது. திருவனந்தபுரம் போனது ஆசைக்கு.

அடுத்த தையில் மூன்றாவது சூளை. பார்வைத் துளைக்கு நேரே எட்டு மண் வளையங்கள் வைத்தோம். விறகு போடுவதை நிறுத்தியதும் ஒன்று, பிறகு வெப்பம் ஏறக்குறைய ஐம்பது டிகிரி இறங்கும்போதெல்லாம் ஒன்று என்று இரும்புக் கம்பியால் இழுத்து வெளியே போட்டோம். முதலில் எடுத்தது கிட்டத்தட்ட வெளிறிப்போய் இருந்தது. நாலாவது, ஐந்தாவதில் மஞ்சள் கலந்த ஆரஞ்சு. கடைசி வளையம் தை மாதத்துச் சிவப்பு. வரிசையாக ஒரு பலகையில் ஒட்டி, சுவரில் மாட்டியிருக்கிறோம். இப்போது எங்கள் சூளையில் தணல் அடங்கும்வரை அடுப்பு வாயை ஒரு செங்கல் அளவு திறந்தே வைக்கிறோம். சூளையின் சூட்டைக் காட்டும் பைரோமீட்டர் 900 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் சேறு பூசுவது. உங்கள் சூளையின் இடுக்கும் இழுப்பும் வேறாக இருக்கும், வளையம் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதே சூளையில் நாஞ்சில் நாட்டு வைக்கோலைச் சில கிண்ணங்களில் சுற்றியும் வைத்தோம். சிவப்பு நூல் கட்டியதுபோல் கோடுகள் விழுந்தன. தேங்காய்க் கதம்பையை வைத்த கிண்ணத்தில் பொட்டாசியம் அதிகமோ என்னவோ, கோடு ஓடிப் பரவி, அழுக்குக் கறை மாதிரி இருந்தது. தம்பிக்கு அது பிடித்திருக்கிறது, எனக்கு இல்லை. பாட்டாவின் சட்டி ஒன்றிலும் வைக்கோல் சுற்றி அவர் சூளையில் வைத்துப் பார்த்தோம். வெள்ளைச் சாம்பல்தான் மிஞ்சியது, துணியால் துடைத்ததும் போயிற்று. அந்தச் சூட்டில் எதுவும் உருகாது.

வைக்கோல் கோடு விழுந்த சில்லை லென்ஸுக்கு அடியில் வைத்து பாட்டாவைக் கூப்பிட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"என்ன பாட்டா தெரியுது?"

"என் கண்ணு மயிருதான் தெரியுது மக்களே."

அப்புறம் சில்லைக் கையில் எடுத்து, உடைந்த விளிம்பை நாக்கில் வைத்துப் பார்த்தார். "ஒட்டல்ல. நல்லா வெந்திருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். எச்சில் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பளிச்சென்று இருந்தது.